35 முதல் 70 வரை: உத்திரமேரூர்க் கல்வெட்டில் வயதும் துணிவும்

வயதான ஒருவர் புதிதாக ஒன்றைத் தொடங்க நினைத்தால் நம் ஊர்களில் முதலில் கிளம்பும் கேள்வி, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்பதுதான். எழுதப் படிக்கப் போனாலும் சரி, தேர்தலில் நின்றாலும் சரி, கேள்வி மாறாது. ஆதரவாகப் பேசுகிறவர்கள் தரும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: மனதில் தைரியம் இருந்தால் வயது தடையில்லை. கேலி செய்பவரும் ஊக்கம் கொடுப்பவரும் எதிரெதிராக நிற்பதுபோலத் தோன்றினாலும், வயதைத் தாண்டுவது அவரவர் நெஞ்சுரத்தைப் பொறுத்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் பதினொரு நூற்றாண்டுகளாகக் கல்லில் நிற்கும் இரண்டு ஆணைகளைப் படித்தால் இந்த நினைப்பு ஆட்டம் காண்கிறது. எந்த வயதில் ஒருவர் ஊர்ப்பொறுப்புக்கு வரலாம் என்று அந்த ஊர் விதி எழுதியது. எழுதிய இரண்டே ஆண்டில் அதைத் திருத்தியது. வயதுக்கும் துணிவுக்கும் நடுவே விதி என்ற ஒன்று இருக்கிறது, அதை எழுதுவதும் அழிப்பதும் மனிதர்கள்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டு வரலாற்றில் அரிது.

காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. பல்லவர் காலத்தில் வேதம் கற்ற பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட இந்த ஊர், கல்வெட்டுகளில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்று வருகிறது. ஊர்ச்சபை கூடிய மண்டபமே இன்றைய வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-இலும் 921-இலும், வெட்டப்பட்ட இரண்டு ஆணைகள் உள்ளன. ஊர் வேலைகளைக் கவனித்த வாரியங்கள் என்னும் குழுக்களுக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்பவை அவை. 1898-இல் கல்வெட்டுத் துறையினர் இவற்றைப் படியெடுத்தனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டறிஞர் வெங்கையா விரிவாக எழுதினார். பின்னர் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி இவற்றைச் சோழர் ஆட்சிமுறை ஆய்வின் மையத்தில் வைத்தார். அதன்பின், குடத்தில் ஓலையிட்டு ஆள் எடுக்கும் இந்த முறையைக் குறிக்கும் குடவோலை என்ற சொல் பள்ளிப் பாடநூல் வரை போய்விட்டது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்த ஊரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். மேடைகளில் உத்திரமேரூர் மக்களாட்சியின் பழம்பெருமையாகவே பேசப்படுகிறது. அந்தப் பெருமையின் நிழலில் வயது பற்றிய வரி யார் கண்ணிலும் படாமல் போகிறது.

முதல் ஆணை வாரியத்துக்கு வரக்கூடியவரின் வயதை 30-க்கு மேல், 60-க்குள் என்று வரையறுத்தது. இரண்டாவது ஆணை அதை 35-க்கு மேல், 70-க்குள் என்று மாற்றியது. காரணம் கல்லில் சொல்லப்படவில்லை. ஆனால் இரண்டாவது ஆணையின் வேறொரு விதி நமக்கு ஒரு துப்புத் தருகிறது. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்து முப்பது பேர் எடுக்கப்பட்டதும், அவர்களில் முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியில் முதிர்ந்தவர்கள், வயதில் முதிர்ந்தவர்கள் ஆகியோரிலிருந்து பன்னிரண்டு பேரை சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டு வாரியத்துக்கு, வைத்துக்கொள்ள வேண்டும். மிச்சமிருப்பவர்களில் பன்னிரண்டு பேர் தோட்டத்துக்கு, ஆறு பேர் ஏரிக்கு. வாரியங்களில் மேலானதாக இருந்த ஒன்றுக்கு முதுமையையே ஒரு தகுதியாக எழுதிய சபை, 60 வயதில் கதவைச் சாத்தினால் அந்த வாரியத்துக்குத் தேவையானவர்களைத் தானே வெளியே தள்ளியதாகிவிடும். அனுபவம் வேண்டும் என்ற தேவையும் 60 என்ற வரம்பும் ஒன்றோடொன்று மோதியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டு நடைமுறையில் அந்த மோதலைச் சபை கண்டிருக்க வேண்டும். இது ஊகம்தான். ஆயினும் கல்லில் உள்ள விதிகளே ஒன்றையொன்று விளக்கும் ஊகம். எப்படிப் பார்த்தாலும், 919-இல் 65 வயதில் தகுதியற்றவராக இருந்த ஒருவர் 921-இல், வயது இரண்டு கூடிய பிறகு, தகுதியுள்ளவர் ஆனார். அவர் உடம்போ மனமோ இளமையாகிவிடவில்லை. ஊர் தன் கணக்கை மாற்றிக்கொண்டது.

இதில் உடனே எழும் மறுப்பு நியாயமானது. மேல்வரம்பு பத்து ஆண்டு ஏறியபோது கீழ்வரம்பும் ஐந்து ஆண்டு ஏறிவிட்டதே? 31 வயதுக்காரர் ஒருவர் 919-இல் உள்ளே இருந்தார். 921-இல் அவர் 33 வயதில் வெளியே நிற்கிறார். கிழவர்களுக்குக் கொடுத்ததை இளைஞர்களிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தார்கள் என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. எந்த வயதிலும் விரும்பியதைச் செய்யலாம் என்று உத்திரமேரூர் சொன்னதாக யாராவது எழுதினால் அது கல்வெட்டுக்குச் செய்யும் அநீதி. அந்தச் சபை இரு முனையிலும் வேலி போட்டது. பிற நாட்டுச் சபைகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். பழைய ஸ்பார்ட்டாவின் முதியோர் அவையில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கே இடம். உள்ளே போனவர் சாகும்வரை உறுப்பினர். ஏதென்ஸின் ஐந்நூற்றுவர் அவைக்கு 30 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். மேல்வரம்பு கிடையாது, ஆனால் பதவி ஓராண்டுதான், வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. ஸ்பார்ட்டா முதுமையை அதிகாரமாக்கியது. ஏதென்ஸ் வயதைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் சுழற்சியை நம்பியது. உத்திரமேரூர் இரண்டிலிருந்தும் வேறுபட்டது. முதிர்ந்தவருக்கு இடம் விட்டது, ஆனால் அவர் நிரந்தரமாக உட்கார்ந்துவிடாதபடி வாரியப் பொறுப்பு 360 நாள் மட்டுமே என்றது. ஏதாவது ஒரு வாரியம் செய்தவர் அடுத்த மூன்று ஆண்டு பெயரே எழுதப்படாமல் ஒதுங்கி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 70 வரை வரம்பை நீட்டியதால் ஊர் கிழவர்களின் ஆட்சியாகிவிடும் என்ற அச்சத்துக்கு இந்த மூன்றாண்டு ஒதுக்கமே விடை.

துணிவு பற்றிப் பேசும்போது குடவோலையின் நடைமுறையைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலையோடு கட்டிக் குடத்தில் இட்டார்கள். சிறியோரும் பெரியோருமாக மகாசபை கூடியது. ஊரில் இருந்த நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், ஒருவர் விடாமல் சபை நடுவே அமர்த்தப்பட்டார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் எழுந்து, எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடித்தார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலைக்கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து அவனே ஓர் ஓலையை எடுத்து, நடுவரான மத்தியஸ்தன் கையில் வைத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி வாசித்தான், நம்பிமாரும் வாசித்தார்கள். ஓலையை மறைக்கவும் மாற்றவும் இடம் கொடுக்காத இந்த ஏற்பாட்டின் நேர்மையை எல்லோரும் பாராட்டுகிறார்கள். நம் விஷயத்துக்கு வேண்டியது வேறொன்று. இங்கே யாரும் "நான் நிற்கிறேன்" என்று சொல்ல வேண்டியதில்லை. தகுதி இருந்தால் பெயர் தானாகவே ஓலையில் ஏறுகிறது.

வயதான காலத்தில் ஒன்றைத் தொடங்குபவரைத் தடுப்பது பெரும்பாலும் வேலையின் கடினம் கிடையாது. தன்னைத்தானே முன்நிறுத்திக்கொள்ளும் கூச்சமும், ஊர் என்ன பேசும் என்ற பயமும்தான் அவரைத் தடுக்கின்றன. "இவருக்கு ஏன் இந்த ஆசை?" என்ற பேச்சு ஆசையை வெளியே சொன்னவரைத்தான் சுடும். குடவோலை முறையில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. 68 வயதில் ஏரி வாரியத்துக்கு வந்தவரைப் பதவி ஆசை பிடித்தவர் என்று யாரும் சொல்ல முடியாது; ஓலை வந்தது, அவர் வந்தார். இதற்கு ஒரு மறுப்பு உண்டு: சீட்டில் வருவது விருப்பமே அன்று, கடமை, அதில் துணிவு எங்கே? உண்மைதான். ஆனால் துணிவு முதல் அடியில் மட்டும் தேவைப்படுவது அன்று. பொறுப்பேற்ற பிறகு ஓர் ஆண்டு முழுக்க வேண்டியிருக்கிறது. முதல் அடியின் கூச்சத்தை ஊர் தன் தோளில் ஏற்றுக்கொண்டதால், எஞ்சிய துணிவை அந்த மனிதர் வேலையில் செலவிட முடிந்தது. தானே முன்வருவதற்கான துணிச்சலை ஒவ்வொருவரிடமும் எதிர்பார்க்கும் சமூகத்தில், ஏற்கெனவே துணிச்சலும் செல்வாக்கும் உள்ளவர்களே முன்னுக்கு வருவார்கள். மற்றவர்களின் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று நாம் பெயரிட்டுவிடுவோம்.

அந்த வேலை சின்னதும் கிடையாது. உத்திரமேரூரின் பெரிய ஏரி பல்லவர் கல்வெட்டுகளிலேயே வயிரமேக தடாகம் என்று பெயர் பெற்றது. அதில் ஆண்டுதோறும் வண்டல் எடுப்பதற்காகக் கொடையாளர்கள் பொன் கொடுத்தார்கள். அதன் வட்டியைக் கொண்டு வேலையை நடத்தும் பொறுப்பை ஏரி வாரியப் பெருமக்கள் ஏற்றார்கள். தோட்டம், ஏரி, பொன்னின் மாற்றுப் பார்க்கும் பொன் வாரியம் என ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்கள். பொறுப்பு முடிந்ததும் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. இந்த அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, காலம் குறுகியது, முடிவு தெளிவாகத் தெரிகிறது. வாழ்நாள் முழுவதையும் அடகு வைக்கச் சொல்லும் பதவிக்கு 65 வயதில் யாரும் துணியமாட்டார்கள். 360 நாள் ஏரியைப் பார்த்துக்கொள், பிறகு கணக்கை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றால் துணிவார்கள். அதோடு, தோட்டமோ ஏரியோ பார்த்த அனுபவம் பின்னால் ஆண்டு வாரியத்துக்குப் படியாகவும் அமைந்தது. ஐம்பதில் ஏரியில் தொடங்கியவர் அறுபதில் மேலே வர வழி இருந்தது.

இதுவரை சொன்னதையெல்லாம் சாய்க்கக்கூடிய பெரிய மறுப்பு இன்னும் இருக்கிறது. இந்தக் கதவு யாருக்குத் திறந்திருந்தது? கால் வேலிக்கு மேல் (வேலி ஒரு நில அளவு) வரி கட்டும் நிலம் வேண்டும். தன் மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அரைக்கால் வேலி மட்டும் உள்ளவர் ஒரு வேதத்திலும் ஒரு பாடியத்திலும், அதாவது உரைநூலிலும், தேர்ந்து, பிறருக்குச் சொல்லித்தரும் அளவுக்கு இருந்தால் பெயர் எழுதலாம் என்ற சலுகையும் வேதம் கற்றவர்களுக்கு உள்ளேதான். பெண்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. ஏரியில் வண்டல் சுமந்தவர்களுக்கும் அந்தத் தண்ணீரில் உழுதவர்களுக்கும் 35 வயதானாலும் 70 வயதானாலும் ஒன்றுதான். மேலும், இந்த ஆணைகள் அரசனின் கட்டளைப்படி, அரச அதிகாரி உடன் இருக்க எழுதப்பட்டவை. ஊர் முழுச் சுதந்திரத்தோடு தனக்குத்தானே எழுதிக்கொண்டவை என்றும் சொல்ல முடியாது. ஆகவே உத்திரமேரூரை மக்களாட்சியின் தொட்டில் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதி செய்கிறது. வெளியே நின்றவர்களுக்கு மனத்துணிவு குறைவாக இருந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு இல்லாதது ஓலையில் பெயர் எழுதப்படும் உரிமை. துணிவு மட்டும் போதும் என்றால் அவர்களும் உள்ளே வந்திருப்பார்கள். உள்ளே இருந்த 65 வயது நிலக்காரருக்கு விதி வளைந்தது. வெளியே இருந்த எந்த வயதினருக்கும் அது வளையவில்லை. வயதுத் தடையைப் பற்றிப் பேசும் எவரும் இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. நிலமும் சாதியும் பாலினமும் சேர்ந்து அடைத்த கதவை வயது வரம்பைத் தளர்த்துவதால் மட்டும் திறக்க முடியாது.

அந்தக் கதவு சட்டத்தில் திறந்தது மிக அண்மையில்தான். ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்த 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, 1996-இல் தேர்தல் நடந்தது. உள்ளாட்சிக்கு நிற்கக் குறைந்தபட்ச வயது 21, மேல்வரம்பு கிடையாது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு 2016-இல் பாதியாக உயர்ந்தது. இந்த மாற்றமும் அமைதியாக வரவில்லை. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்து மேலவளவில் ஒதுக்கீட்டு இடத்தில் வென்ற தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று தன்னோடு இருந்தவர்களுடன் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒதுக்கீட்டுக்கு எழுந்த எதிர்ப்பால் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006 வரை தேர்தலை முறையாக நடத்த முடியவில்லை. விதி எழுதப்பட்டதும் எல்லாம் முடிந்துவிடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி. விதி இல்லாமல் துணிவு கதவருகே நின்றுவிடுகிறது. துணிவும் பாதுகாப்பும் இல்லாமல் விதி காகிதத்தில் நின்றுவிடுகிறது.

அந்தப் புதிய விதி முதுமைக்கு என்ன செய்தது என்று பார்க்கலாம். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், அதே மேலூர் வட்டாரத்தின் அரிட்டாபட்டியில், முன்னர் தோற்றும் மனம் தளராமல் மீண்டும் நின்ற வீரம்மாள் எழுபதைக் கடந்த வயதில் ஊராட்சித் தலைவரானார். அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான், 2022-இல், அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிராக அந்த ஊர்க் கிராம சபை தீர்மானம் போட்டது. வட்டார மக்களின் பெரும் போராட்டத்துக்குப் பின் 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. 2021 அக்டோபரில், காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. உத்திரமேரூர் ஒன்றியத்துக் கிராமங்களும் அப்போதுதான் வாக்களித்தன. அதே தேர்தலில் திருநெல்வேலி மாவட்டம் சிவந்திப்பட்டியில் 90 வயதுப் பெருமாத்தாள் தலைவராக வென்றார். தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சாருகலா தலைவரானார். பராந்தகன் காலத்து இரண்டாவது ஆணைப்படி இந்த மூன்று பேரில் ஒருவர் பெயரும் ஓலையில் ஏறியிருக்காது. இருவருக்கு வயது மிகுதி, ஒருவருக்குக் குறைவு, மூவரும் பெண்கள்.

இவையெல்லாம் அபூர்வமான செய்திகள், அதனால்தான் நாளிதழில் வந்தன என்று ஒருவர் சொல்லலாம். ஆயிரக்கணக்கான ஊராட்சிகளில் இரண்டு மூன்று பாட்டிகள் வென்றதை வைத்து என்ன நிறுவ முடியும்? பெண் தலைவருக்குப் பதிலாகக் கணவரோ மகனோ ஊராட்சியை நடத்தும் வழக்கம் பரவலாக இருக்கிறதே? இரண்டு கேள்வியும் சரியானவை. முதலாவதற்கு என் விடை: முதுமையில் துணிவு பரவலாக இருக்கிறது என்று நான் வாதிடவில்லை, அது வெளிப்பட என்ன தேவை என்பதையே வாதிடுகிறேன். இரண்டாவதற்கு வரலாறே விடை சொல்கிறது. உத்திரமேரூர்ச் சபையும் உறவினர் ஆதிக்கத்தைக் கண்டு அஞ்சியது; கணக்குக் காட்டாதவரின் உறவினர்களை நீண்ட பட்டியலிட்டு விலக்கியது அதனால்தான். பினாமி ஆட்சியைக் காரணம் காட்டி ஒதுக்கீட்டை எடுத்துவிடுவது, கணக்கில் தில்லுமுல்லு நடக்கிறது என்று குடத்தையே உடைப்பதற்குச் சமம். உத்திரமேரூர்ச் சபையினர் குடத்தை வைத்துக்கொண்டு விதியை இறுக்கினார்கள். ஒதுக்கீடு இன்று செய்வதும் குடவோலை அன்று செய்ததும் ஒரு வகையில் ஒன்றுதான்: தானே முன்வரத் தயங்குபவரிடம், இது உனக்கான இடம் என்று ஊரின் விதியே சொல்லிவிடுகிறது.

இன்னொரு மறுப்பு வேலை தேடும் இளைஞர்களிடமிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58-லிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 ஆனது. ஓராண்டுக்குள் இரண்டு திருத்தம். மூத்தவர்கள் இடத்தைவிட்டு எழாவிட்டால் வேலைக்காகக் காத்திருக்கும் நாங்கள் எங்கே போவது என்று கேட்டார்கள். 921-இல் 33 வயதில் வெளியே தள்ளப்பட்டவரின் குறையும் இதுவே. இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். சம்பளப் பதவி எண்ணிக்கையில் அளவானது. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க வேண்டும். அங்கே இரு தலைமுறையின் பங்கையும் எடைபோட்டே வரம்பை வைக்க வேண்டும், சுழற்சியும் வேண்டும். ஆனால் கற்பதற்கு இந்தத் தட்டுப்பாடு கிடையாது. அப்படியிருந்தும் 1988-இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களையே தன் இலக்காக வைத்தது. உழைக்கும் வயதினருக்கு முதலிடம் தரும் அந்தக் கணக்குக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் 36 வயதான கூலித் தொழிலாளிக்கு அது சொன்ன செய்தி வேறு. கேரளம் தன் அட்சரலட்சம் எழுத்தறிவுத் திட்டத்தில் அந்த வரம்பைப் பொருட்படுத்தவில்லை. 2018-இல் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயனி அம்மா 96 வயதில் தேர்வெழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். அவருடைய ஊக்கத்தை நாடு புகழ்ந்தது, தகும். ஆனால் அவர் வந்து உட்கார ஒரு தேர்வுக் கூடத்தைத் திறந்து வைத்த முடிவு அந்த ஊக்கத்துக்கு முன்னதாக எடுக்கப்பட்டது.

உடல் தளர்வது உண்மைதானே, ஏதோ ஒரு வரம்பு வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழி அவர்கள் பக்கம். உத்திரமேரூர்ச் சபையும் வரம்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. பழங்காலத்தில் சராசரி ஆயுள் குறைவாக இருந்ததற்குக் குழந்தைச் சாவே பெருங்காரணம். 35-ஐத் தாண்டிய ஒருவர் அறுபதுகளை எட்டுவது அதிசயமாக இருந்திருக்காது. எழுபதுக்குள் என்று எழுதியவர்கள் கண்முன் அந்த வயதில் வேலை செய்யக்கூடியவர்களைக் கண்டிருக்க வேண்டும். அவர்கள் பழமொழியை நம்பி முடிவெடுக்கவில்லை. ஒரு வரம்பை வைத்துப் பார்த்தார்கள், பொருந்தவில்லை, மாற்றினார்கள். வரம்பு இருப்பதில் தவறில்லை. அது எந்த வேலைக்கு, எந்தக் காரணத்துக்காக வைக்கப்பட்டது என்று கேட்பதை நிறுத்திவிடுவதுதான் தவறு. நம் நாட்டில் உயர்நீதிமன்ற நீதிபதி 62-இலும் உச்ச நீதிமன்ற நீதிபதி 65-இலும் ஓய்வு பெறுகிறார்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு மேல்வரம்பே இல்லை. இந்த எண்கள் எதுவும் உடற்கூறு நூலிலிருந்து வந்தவை கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தில், ஒரு வாதத்தின் முடிவில் எழுதப்பட்டது. எழுதப்பட்ட எதுவும் திருத்தத்துக்கு உட்பட்டதே. எழுதப்படாத வரம்புகளைத் திருத்துவதுதான் கடினம்: தையல் பயிற்சிக்கு வந்த அறுபது வயதுப் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பவர்களின் மனதில் இருக்கும் வரம்பு எந்தக் கல்லிலும் இல்லை, அதனால் அதை எந்தச் சபையும் கூடி மாற்ற முடிவதில்லை. சிரிப்பை எதிர்த்து ஒவ்வொருவரும் தனியாகப் போராட வேண்டியிருக்கிறது. வயதானவர்களுக்குத் துணிவு குறைவு என்று நாம் சொல்வதில் பாதி, இந்தத் தனிமைக்கு நாம் வைத்த பெயர்.

ஆகவே முதுமையில் ஒன்றைத் தொடங்க நினைப்பவரிடம் தைரியமாக இரு என்று சொல்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. உத்திரமேரூரின் இரண்டு ஆணைகளிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை மூன்று. வயது வரம்பு எங்கே இருந்தாலும் அதன் காரணத்தைக் கேட்டு, காலம் பார்த்துத் திருத்த வேண்டும். பொறுப்புகளைச் சிறிதாக, குறுகிய காலத்துக்கு, கணக்குக் காட்டும் கட்டாயத்தோடு பிரிக்க வேண்டும். அப்போது தாமதமாக வருபவரும் கை வைக்க முடியும், முன்பே வந்தவரும் விலகி வழிவிட முடியும். தயங்குபவரின் பெயரை அவர் கேட்காமலே எழுதும் வழக்கத்தை ஊர் வளர்க்க வேண்டும். அன்றைய உத்திரமேரூரில் இல்லாமல் நம்மிடம் இருப்பதும் ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவருமே கிராம சபையின் உறுப்பினர்கள். அதற்கு நிலமோ வேதமோ வேண்டாம், மேல்வரம்பும் இல்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள், குடியரசு நாளிலிருந்து நவம்பர் 1 வரை, அது கூடுகிறது. ஏரியைத் தூர்வாருவது பற்றியோ நூலகத்தின் நேரம் பற்றியோ 75 வயதில் முதல்முறையாக எழுந்து பேச நினைப்பவருக்குச் சட்டம் இடம் கொடுத்துவிட்டது. அவர் எழும்போது பக்கத்தில் இருப்பவர்கள் "உட்காருங்க தாத்தா" என்று கையைப் பிடித்து இழுப்பார்களா, ஒலிவாங்கியை அவர் பக்கம் நகர்த்துவார்களா என்பதைச் சட்டம் முடிவு செய்யாது. அது அங்கே கூடியிருப்பவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. 921-இல் உத்திரமேரூர்ச் சபை எடுத்ததும் அந்த வகை முடிவுதான்.